பெரிய கட்சியும் பெரும்பான்மையும்

தேர்தல் முடிந்து வாக்குகளை எண்ணியானதும், "யார் ஜெயித்தார்கள்?" என்று கேட்பது உலக இயல்பு. ஒரு தொகுதியைப் பொறுத்தவரை இதற்கு விடை சொல்லுவது எளிது. மற்றெவரையும்விட ஒரு வாக்கேனும் அதிகம் பெற்றவர் ஜெயித்தவராவார். ஆனால் ராஜ்யம் முழுவதையும் கருதி இக்கேள்வியைக் கேட்டால், சில வேளைகளில் விடை அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை. கட்சிகளுள் மிகப் பெரியது ஒன்று இருக்கும். ஆயினும் சட்டசபையில் பாதிக்கு மேற்பட்ட பலம் அதற்கு இராது. அத்தகைய சமயத்தில் ஆட்சி யாரைச் சேரும்? அதை முடிவு செய்பவர் யார்? வாக்களித்த நமக்கு அதில் பங்கு உண்டா? இவற்றைச் சற்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூட்டுறவுச் சங்கத்தின் பத்திரிகையில் அரசியல் எதற்கு என்று அங்கத்தினர் சிலர் எண்ணக்கூடும். எந்தக் கட்சி நல்லது, எது தீயது என்ற விசாரணையில் நாம் இறங்கப்போவதில்லை. பேரேட்டைப் பார்ப்பது போலவே தேர்தல் கணக்கையும் பார்க்கப்போகிறோம். மிளகும் காப்பியும் விளைவிக்கும் கொல்லிமலை விவசாயியின் வரவுசெலவையும், அடிவாரத்தில் தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளியின் கூலியையும் அந்தக் கணக்கு எவ்வாறு தொட்டிருக்கிறது என்பது போகப்போக விளங்கும்.

சங்கத்தை வைத்தே ஓர் உதாரணம்

ஒரு சங்கத்தின் நிர்வாகக் குழுவில் 11 பேர் இருப்பதாகக் கொள்வோம். தலைவரை அவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். மலையின் மேற்கு நாட்டு ஊர்களிலிருந்து வந்தவர் 5 பேர். கிழக்கு நாட்டு ஊர்களிலிருந்து வந்தவர் 4 பேர். எப்பக்கமும் சேராதவர் 2 பேர். இவற்றுள் பெரிய அணி ஐவர் அணியே, அதில் ஐயமில்லை. ஆனால் குழுவில் ஒரு தீர்மானம் நிறைவேற 6 கைகள் உயரவேண்டும். ஐவர் அணிக்கு ஒரு கை குறைகிறது. நால்வர் அணியோ இருவரையும் சேர்த்துக்கொண்டால் ஆறாகிவிடும். ஆகவே நடுவே நிற்கும் இருவர் எப்பக்கம் சாய்கிறார்களோ அப்பக்கமே தலைவர் பதவி போகும்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் தெளிவாகின்றன. பெரிய அணி என்பது வேறு, பெரும்பான்மை என்பது வேறு. அடுத்தது, எந்த அணிக்கும் பெரும்பான்மை இல்லாதபோது மிகச் சிறிய அணியின் கையில் மிகப் பெரிய அதிகாரம் வந்து சேருகிறது. இந்தச் சிறு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் பெரிய சபைகளின் கதையும் தானே விளங்கிவிடும்.

1952 ஆம் ஆண்டுத் தேர்தல்

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரி வரை நடைபெற்றது. சென்னை ராஜ்யத்தில் 1952 ஜனவரியில் வாக்குப்பதிவு நிகழ்ந்தது. அந்நாளைய சென்னை ராஜ்யம் இன்றைய தமிழ்நாட்டைவிட மிகப் பெரியது. ஆந்திரக் கடலோர ஜில்லாக்களும், ராயலசீமையும், மலபாரும், தென் கன்னடமும் அதில் அடங்கியிருந்தன. நம் கொல்லிமலை அப்போது சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. நாமக்கல் தனி ஜில்லாவானது 1997 இல்தான்.

வயது வந்த ஆண் பெண் யாவருக்கும் வாக்குரிமை அளித்து நடந்த முதல் தேர்தல் அது. அதற்கு முன் சொத்தும் வரியும் படிப்பும் உடையவருக்கே பெரும்பாலும் வாக்குரிமை இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பெருந்தொகையினராக இருந்தமையால், ஒவ்வோர் அபேட்சகருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, அதன்மீது அவர் சின்னத்தை ஒட்டியிருந்தார்கள். வாக்காளர் சீட்டில் எந்தக் குறியும் இடவேண்டியதில்லை. தமக்கு வேண்டிய சின்னமுள்ள பெட்டியில் அதைப் போட்டுவிட்டு வந்தால் போதும்.

சட்டசபையின் மொத்த ஸ்தானங்கள் 375. பெரும்பான்மைக்கு 188 வேண்டும். முடிவுகள் வந்தபோது காங்கிரஸ் 152 ஸ்தானங்களைப் பெற்றிருந்தது. கம்யூனிஸ்டுகள் 62, சுயேச்சைகள் 62, கிஸான் மஸ்தூர் பிரஜா கட்சி 35, தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 19, கிரிஷிகார் லோக் கட்சி 15, சோஷலிஸ்டுகள் 13, காமன்வீல் கட்சி 6, முஸ்லிம் லீக் 5. எஞ்சிய 6 ஸ்தானங்கள் வேறு சிறு கட்சிகளுக்குச் சென்றன. அப்போது முதன் மந்திரியாயிருந்த பூ. ச. குமாரசாமி ராஜாவே ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றார்.

நம் உதாரணத்தை இங்கே பொருத்திப் பாருங்கள். காங்கிரஸ் பெரிய அணி. ஆனால் 36 கைகள் குறைவு. எதிர்ப்பக்கத்தில் கம்யூனிஸ்டுகளும் பிரஜா கட்சியினரும் பிறரும் கூடி ஐக்கிய ஜனநாயக முன்னணி என ஒன்றை அமைத்து, த. பிரகாசத்தைத் தலைவராக்கி, 166 பேர் ஆதரவு தமக்கு உண்டென்று உரிமை கோரினார்கள். 166 என்பது 152 ஐவிடப் பெரிது. ஆனால் அதுவும் 188 ஆகவில்லை. ஆகவே இரு தரப்புக்கும் நிறைவில்லை. நடுவிலிருந்த சிறு கட்சிகளும் சுயேச்சைகளுமே துலாக்கோலின் முள்ளாக நின்றார்கள்.

மந்திரி சபை அமைந்த விதம்

யாரை அழைப்பது என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு கவர்னரிடம் வந்தது. புதிதாகப் பதவியேற்றிருந்த கவர்னர் ஸ்ரீபிரகாசர் முன்னணியை அழைக்கவில்லை. காங்கிரஸ் கட்சியினர் ராஜாஜியைத் தலைவராக ஏற்றிருந்தார்கள். கவர்னர் ஜெனரலாகவும், மத்திய உள்துறை மந்திரியாகவும் இருந்து ஓய்வு பெற்றிருந்த ராஜாஜி அத்தேர்தலில் போட்டியிடவே இல்லை. அவரை மேல்சபைக்கு நியமித்து, மந்திரி சபை அமைக்கக் கவர்னர் அழைத்தார். 1952 ஏப்ரல் 10 ஆம் தேதி ராஜாஜி முதன் மந்திரியாகப் பதவியேற்றார்.

இங்கே கூட்டுறவாளர் அறியத்தக்க செய்தி ஒன்று உண்டு. இலக்கியம், விஞ்ஞானம், கலை, சமூக சேவை ஆகியவற்றில் தேர்ந்தவர்களை மேல்சபைக்குக் கவர்னர் நியமிக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 171 ஆம் பிரிவு கூறுகிறது. அந்தப் பட்டியலில் கூட்டுறவு இயக்கமும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டு மேல்சபை 1986 இல் கலைக்கப்பட்டுவிட்டதால் நம் ராஜ்யத்தில் இன்று அவ்வழி இல்லை.

நியமனம் செல்லாது என்று கம்யூனிஸ்டுத் தலைவர் பி. ராமமூர்த்தி ஹைகோர்ட்டில் வழக்குத் தொடுத்தார்; அது தள்ளுபடியாயிற்று. ஆயினும் அவர் எழுப்பிய கேள்வி நியாயமானதே. ஜனங்கள் முன் நின்று வாக்குக் கேளாத ஒருவர் ஜனங்களை ஆளலாமா? மறுபக்கத்தார் சொன்ன பதிலும் எளிதில் தள்ளத்தக்கதன்று. யார் முதன் மந்திரி என்பதைச் சட்டசபையின் நம்பிக்கைதான் தீர்மானிக்கிறது. அந்த நம்பிக்கை இருந்தால் போதும் என்றார்கள். காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் மந்திரி சபையில் சேர்ந்தார். உழைப்பாளர் கட்சியின் ஆதரவும் சுயேச்சைகள் பலரின் ஆதரவும் கிடைத்தன. 1952 ஜூலை 3 ஆம் தேதி சட்டசபையில் நம்பிக்கைத் தீர்மானம் வாக்குக்கு விடப்பட்டபோது ஆதரவாக 200 பேரும் எதிராக 151 பேரும் வாக்களித்தனர். ஏப்ரல் முதல் ஜூலை வரை கேள்விக்குறியாக நின்ற விஷயம் அன்றுதான் முடிவாயிற்று.

விவசாயிக்கும் நெசவாளிக்கும் விளைந்தது என்ன?

"எவர் வந்தாலும் நமக்கென்ன?" என்று சந்தையில் பேசுவதைக் கேட்டிருக்கிறோம். 1952 இல் வந்த மந்திரி சபை செய்தவற்றைப் பார்த்தால் இப்பேச்சு எவ்வளவு பிழையானது என்பது தெரியும்.

யுத்த காலத்திலிருந்து அரிசிக்கு ரேஷனும் கட்டுப்பாடும் இருந்து வந்தன. விளைந்த நெல்லை விவசாயி தன் விருப்பப்படி விற்கவோ வேறிடம் கொண்டு செல்லவோ இயலாது. 1952 ஜூன் மாதத்தில் ராஜாஜி அக்கட்டுப்பாட்டை நீக்கினார். சபையில் தம் பலம் சோதிக்கப்படுவதற்கு முன்னரே இம்முடிவை எடுத்தார் என்பது கவனிக்கத்தக்கது.

அடுத்தது கைத்தறி. நூல் விலையும் ஆலைத்துணியின் போட்டியும் நெசவாளரை வாட்டிய காலம் அது. வேட்டியும் சேலையும் நெய்யும் உரிமையைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று ராஜாஜி மத்திய சர்க்காரை வற்புறுத்தினார். கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. ஆனால் ஆலைகள் நெய்யும் வேட்டியின் அளவுக்கு மத்திய சர்க்கார் வரம்பு கட்டியது. 1953 இல் ஆலைத்துணிக்குக் கஜத்துக்கு 3 தம்பிடி, அதாவது காலணா வீதம், தனி வரி விதிக்கும் சட்டமும் வந்தது. அந்த வரிப்பணம் கதர், கைத்தறி வளர்ச்சிக்கென ஒதுக்கப்பட்டது. நெசவாளர் சங்கங்களில் பங்குத் தொகை கட்டுவதற்குக் கடனும், துணி விற்பனைக்குத் தள்ளுபடியும் இந்த நிதியிலிருந்து வந்தவை. இன்று நெசவாளர் சங்கத்தில் அங்கத்தினராக இருப்பவர் பலரின் பாட்டனார் இத்தகைய கடன் பெற்றே பங்கு எடுத்திருப்பார்.

அதே மந்திரி சபை 1953 இல் கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து எஞ்சிய நேரத்தில் குழந்தைகள் குடும்பத் தொழில் கற்க வேண்டும் என்றது. நெசவாளி மகன் தறியிலேயே நிற்கவேண்டியதுதானா என்று நாடெங்கும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1954 ஏப்ரலில் ராஜாஜி விலகினார், காமராஜர் முதன் மந்திரியானார், அத்திட்டமும் கைவிடப்பட்டது. நன்மையாயினும் தீமையாயினும், 36 ஸ்தானக் குறைவை எவர் எவ்வாறு நிரப்பினார் என்பதன் பலன் தறிக்குழி வரை வந்து சேர்ந்தது.

மீண்டும் 2006 இல்

1952 க்குப் பிறகு நம் ராஜ்யத்தில் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஒவ்வொரு தேர்தலிலும் ஏதேனும் ஒரு கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை கிடைத்து வந்தது. 2006 இல் அந்த வரிசை தடைப்பட்டது. 234 ஸ்தானங்களில் பெரும்பான்மைக்கு 118 வேண்டும், தி.மு.க. பெற்றவை 96. கூட்டணியிலிருந்த காங்கிரஸின் 34 பேரும் ஏனைய தோழமைக் கட்சியினரும் மந்திரி சபையில் சேராமல் வெளியிலிருந்து ஆதரவளித்தார்கள். மு. கருணாநிதி தலைமையில் அமைந்த அந்த மந்திரி சபை 2011 வரை நீடித்தது.

1952 க்கும் 2006 க்கும் ஒரு வேற்றுமை உண்டு. 2006 இல் அணி தேர்தலுக்கு முன்பே அமைந்துவிட்டது. இன்னார் இன்னாரோடு சேர்ந்து நிற்கிறார் என்பதை அறிந்தே ஜனங்கள் வாக்களித்தார்கள். 1952 இலோ அணி தேர்தலுக்குப் பின் அமைந்தது. 2006 மே மாதத்தில் பதவியேற்றவுடன் கூட்டுறவு விவசாயக் கடன்கள் தள்ளுபடி செய்யப்பட்டதை நம் சங்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். தேர்தலுக்கு முன் சொன்ன வாக்குறுதி அது. முன்பே சொல்லிச் சேர்ந்த அணியை அதன் வாக்குறுதியைக் காட்டிக் கேட்க முடிகிறது. பின்னர் சேர்ந்த அணியை அவ்வாறு கேட்பது கடினம்.

ஒரு தீவு நாட்டின் அனுபவம்

இத்தகைய நெருக்கடி சிறிய நாடுகளில் இன்னும் கூர்மையாகத் தெரியும். பசிபிக் சமுத்திரத்தில் ஸமோவா என்றொரு தீவு நாடு உண்டு. அதன் ஜனத்தொகை ஏறத்தாழ இரண்டு லட்சமே. 2021 ஏப்ரல் 9 ஆம் தேதி அங்கே பொதுத் தேர்தல் நடந்தது. ஸ்தானங்கள் 51. 1998 முதல் பிரதம மந்திரியாயிருந்த துயிலாயேபாவின் மனித உரிமைப் பாதுகாப்புக் கட்சிக்கு 25. பியாமே நவோமி மாதாபா என்ற பெண்மணி தலைமை தாங்கிய புதிய 'பாஸ்ட்' கட்சிக்கும் 25. மீதமிருந்த ஒருவர் சுயேச்சை. நாட்டின் ஆட்சி முழுவதும் அந்த ஒருவர் சொல்லில் தொங்கிற்று.

அவர் தம் முடிவைச் சொல்லுமுன், சபையில் பெண்கள் பத்தில் ஒரு பங்கினராவது இருக்க வேண்டும் என்ற விதியைக் காட்டி, ஆளும் கட்சியைச் சேர்ந்த பெண் ஒருவருக்குப் புதிய ஸ்தானம் அளித்தார்கள். 51 இல் பத்தில் ஒரு பங்கு 5.1, ஜெயித்த பெண்கள் 5 பேர். அந்தப் புள்ளி ஒன்றுக்காக ஆறாமவர் வேண்டுமா என்பதே வழக்காயிற்று. சுயேச்சை 'பாஸ்ட்' கட்சியில் சேர, இரு பக்கமும் 26 ஆகி நின்றன. மறுதேர்தல் வைக்க உத்தரவு பிறந்தது. மே 17 இல் சுப்ரீம் கோர்ட்டு புதிய ஸ்தானமும் செல்லாது, மறுதேர்தலும் செல்லாது என்று தீர்ப்பளித்தது. மே 24 அன்று சபை மண்டபத்தின் கதவுகள் பூட்டியிருந்தமையால், ஜெயித்த கட்சியினர் வெளியே கூடாரம் அமைத்துப் பதவிப் பிரமாணம் செய்துகொண்டார்கள். ஜூலை 23 இல் அப்பீல் கோர்ட்டு அதைச் செல்லும் என்றது. அந்நாட்டின் முதல் பெண் பிரதம மந்திரியாக மாதாபா ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். ஒரே ஒரு ஸ்தானத்தின் பொருட்டு ஒரு தேசம் மூன்றரை மாதம் அந்தரத்தில் நின்றது.

இன்றைய விதிகள்

1952 இல் நடந்தது போல் இன்று நடப்பது அரிது. அதற்குக் காரணங்கள் உண்டு. ஒரு கட்சியின் பெயரால் ஜெயித்தவர் அதை விட்டு விலகினாலோ, அதன் கட்டளைக்கு மாறாகச் சபையில் வாக்களித்தாலோ பதவி இழப்பார் என்று 1985 இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. தேர்தலுக்குப் பின் கட்சியில் சேரும் சுயேச்சைக்கும் இத்தண்டனை உண்டு. மேலும், ஒரு மந்திரி சபைக்குப் பெரும்பான்மை உண்டா என்பதைச் சபையில் வாக்கெடுத்தே அறியவேண்டும் என்று 1994 இல் பொம்மை வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கூறிற்று. 2018 இல் கர்நாடகத்தில் பெரிய கட்சியான பாரதிய ஜனதாவை அழைத்த கவர்னர், பலத்தைக் காட்ட 15 நாள் அவகாசம் கொடுத்தார். சுப்ரீம் கோர்ட்டு அதைக் குறைத்து மறுநாளே வாக்கெடுக்க உத்தரவிட்டது. பலம் போதாமையால் முதன் மந்திரி எடியூரப்பா வாக்கெடுப்புக்கு முன்பே விலகினார். 1952 இல் ஏறத்தாழ மூன்று மாதம் பிடித்த சோதனை இன்று சில நாட்களில் முடிந்துவிடுகிறது.

ஒரு வாக்கின் எடை

சபையில் ஒரு ஸ்தானம் இவ்வளவு பெரிது. அந்த ஒரு ஸ்தானமோ தொகுதியில் ஒரு வாக்கால் மாறக்கூடியது. 2008 இல் ராஜஸ்தானத்து நாத்துவாராவில் சி. பி. ஜோஷி 62,215 வாக்குகள் பெற்றார். எதிர்த்தவர் பெற்றவை 62,216. இருவரும் சமமாக வாக்குப் பெற்றால் திருவுளச்சீட்டுப் போட்டு முடிவு செய்யவேண்டும் என்பது சட்டம்.

நம் ராஜ்யத்தில் 2016 இல் இராதாபுரம் தொகுதியின் வித்தியாசம் 49 வாக்குகளே. தபால் வாக்குகள் சிலவற்றை, அவற்றுக்குச் சான்றொப்பம் இட்டவருக்கு அத்தகுதி இல்லை என்ற காரணத்தால் எண்ணாமல் தள்ளியது சரியா என்பது வழக்கின் சாரம். 2019 அக்டோபரில் ஹைகோர்ட்டு மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. முடிவை வெளியிடச் சுப்ரீம் கோர்ட்டு தடை விதித்தது. 2021 இல் அச்சட்டசபையின் காலமே முடிந்துபோயிற்று. கடன் மனுவில் சாட்சிக் கையெழுத்து ஒழுங்காக இல்லையென்று நாம் திருப்பி அனுப்பும்போது வருந்தும் அங்கத்தினர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

கொல்லிமலை, பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட சேந்தமங்கலம் தொகுதியில் அடங்கியது. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வாக்கு இயந்திரம் மலைக்கு வருகிறது. நெடுங்காலம் பாதையில்லாதிருந்த அண்டையிலுள்ள போதமலைக்கோ தேர்தல் ஊழியர்கள் அதை நடந்தே சுமந்து சென்றிருக்கிறார்கள். மலைமேல் சில நூறு வாக்குகளுக்காக இத்தனை பாடுபடுவதற்குக் காரணம், பட்டணத்து வாக்கும் மலை வாக்கும் ஒரே எடை என்ற கொள்கையே. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் அங்கத்தினருக்கு ஒரு வாக்குத்தான் என்னும் கூட்டுறவுக் கொள்கையும் இதுவே.

ஆதலால் அங்கத்தினர்கள் மூன்று காரியங்களைச் செய்ய வேண்டுகிறோம். முதலாவது, தேர்தல் அறிவிப்புக்குக் காத்திராமல் வாக்காளர் பட்டியலில் தம் பெயரும், வீட்டில் 18 வயது நிரம்பியவர் பெயரும் இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லையேல் 6 ஆம் எண் படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுக்க வேண்டும். இரண்டாவது, வாக்குக் கேட்டு வருபவரிடம், "நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பதோடு, "எவருக்கும் பெரும்பான்மை இல்லாவிட்டால் யாரோடு சேருவீர்கள், எதைக் கேட்டுப் பெறுவீர்கள்?" என்றும் கேட்க வேண்டும். 1952 இல் வாக்காளர் கேளாமல் விட்ட கேள்வி அது. மூன்றாவது, சங்கத்தின் மகாசபைக் கூட்டத்துக்குத் தவறாமல் வரவேண்டும். கூட்டத்துக்கு வராத அங்கத்தினரின் கை எப்பக்கமும் உயராது. ஆனால் அவர் வராததனால் நடுவே நிற்கும் இருவரின் கைகளுக்குக் கூடுதல் எடை ஏறிவிடும். அவர் கட்டிய பங்குப் பணத்தைப் பற்றிய தீர்மானத்தையும் அந்தக் கைகளே நிறைவேற்றும்.